மொய்க் கடன்

இரவல் வாங்கிய குடை வீட்டில் இருந்தால் அத்தைக்குத் தூக்கம் வராது. மழை விட்டதும் அதை விரித்துக் காயவைப்பாள். துணியை விட்டுக் கம்பி எங்காவது பிரிந்து நின்றால் நூல் போட்டுத் தைப்பாள். கையோடு கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நிற்பாள். "நாளைக்கும் மழை இருக்குதாம், நீயே வச்சிக்கயேன்" என்று அவர்கள் சொன்னாலும் கேட்க மாட்டாள். மறுநாள் நனைந்துகொண்டு போவாள். இதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு.

என் அப்பாவுக்கு மூத்தவள். முத்தியால்பேட்டையில் சொந்த வீட்டின் முன்னறையில் மிஷின்களைப் போட்டு, பெண்களை வேலைக்கு வைத்துப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா மில் மூடிய பிறகு வேலையில்லாமலே இருந்து, வேலையில்லாமலே செத்துப்போனார். ஒரே மகளை நெய்வேலிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. நாங்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தோம். அதனால் அத்தையின் கோணங்கித்தனங்கள் எல்லாவற்றுக்கும் துணைக்குப் போக வேண்டியவள் நான்தான்.

ஒருமுறை டவுன் பஸ்ஸில் அவளிடம் சில்லறை இல்லை. கண்டக்டர் முணுமுணுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருசுக்குப்பத்து மீன்காரம்மா அத்தைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டது. மறுநாளிலிருந்து அந்த அம்மாவைத் தேடும் படலம் ஆரம்பித்தது. மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு கூடையாகப் போய் முகத்தைப் பார்ப்பாள். பின்னால் நான், மூக்கைப் பொத்திக்கொண்டு. கடைசியில் கண்டுபிடித்துக் காசைக் கையில் திணித்தபோது அந்த அம்மாவுக்கு இவள் யாரென்றே தெரியவில்லை. "எந்த பஸ்ஸு? நான் யாருக்கும் டிக்கெட் எடுக்கலியேம்மா" என்றது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று. அத்தை பாரத்தை இறக்கிவைத்த முகத்தோடு கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்யாணங்களில் இந்தப் பைத்தியம் முற்றிவிடும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அத்தை மொய் எழுதுகிற மேசையைத் தேடுவாள். எழுதாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு வைத்தார்கள், அதற்கு மேல் கொஞ்சம் போட்டு நாம் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். அத்தைக்கு நோட்டே கிடையாது, எல்லாம் மனப்பாடம். "அரியாங்குப்பத்தா ஊட்டுக்கு ஒரு மொய் பாக்கி நிக்குது. அங்க ஒரு விசேஷம் வரட்டும், தீத்துடறேன்" என்பாள். விசேஷமே வராவிட்டால் என்ன செய்வாய் என்று நான் சீண்டினால், "ஜனங்கன்னு இருந்தா விசேஷம் வராமயா போவும்" என்பாள். மகள் கல்யாணத்துக்கு மொய் வைத்த அத்தனை பேருக்கும் அவள் கடன்பட்டிருந்தாள், சந்தோஷமாக.

இப்படிப்பட்டவள்தான் திவாலானாள்.

ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்டரைப் பிடித்திருந்தாள். துணி முழுக்கக் கடனில் வந்து இறங்கியது. கொடுத்தவர் டவுனில் மொத்தத் துணி வியாபாரம் செய்கிற பாய். தைத்து அடுக்கி முடிப்பதற்கும் பள்ளிக்கூடங்களை மூடுவதற்கும் சரியாக இருந்தது. திரும்பத் திறந்தபோது பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் யூனிபார்ம் கலரையே மாற்றியிருந்தது. நடுவில் தைக்கிற பெண்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக அத்தை சொல்தா வீட்டம்மாவிடம் கடன் வாங்கியிருந்தாள். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் போன பிறகு வருகிற பென்ஷனில் தனியாக வாழ்கிற அம்மா அவர். அவர் கடனில் பாதியையாவது அடைக்க ஒரு பைனான்ஸில் வாங்கினாள், வீட்டுப் பத்திரத்தை வைத்து. அதற்கு வட்டி கட்ட இன்னொன்றில் வாங்கினாள். யாரிடமும் கடன்பட்டிருக்கக் கூடாது என்ற அவசரத்திலேயே எல்லாரிடமும் பட்டாள். கொஞ்சம் கடனைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பைனான்ஸ்காரர்கள் காலையில் பைக்கை வாசலில் நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். திட்ட மாட்டார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள், போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள். தெரு பார்த்துக்கொள்ளும். பால் வாங்க வருகிறவர்கள் நின்று போவார்கள். அத்தை பின்பக்கச் சந்து வழியாக வெளியே போகப் பழகிக்கொண்டாள். முக்காடு போட்டறியாதவள், முந்தானையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு நடந்தாள். எதிரே நான் வந்தபோது என்னையும் பார்க்காத மாதிரி போனாள். எனக்கும் அப்போது கூப்பிட வாய் வரவில்லை.

அந்த வருடம் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே ரோட்டின் இந்தப் பக்கம் அவள் நிற்பதைப் பார்த்தேன். மாமாவின் சொந்தக்காரப் பெண்ணுக்கு உள்ளே ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி, "என்னா அத்தை, உள்ள போவலியா?" என்றேன்.

"இல்ல பாப்பா. சும்மா காத்தாட வந்தேன்."

"பட்டுப் புடவை கட்டிக்கினா காத்தாடுவாங்க?"

"வெறுங்கையோட எப்படிப் போறது" என்றாள் தரையைப் பார்த்து. என் பர்ஸைத் திறந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு எதிர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். மிஷின்களை ஓரமாகத் தள்ளி, பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். நானும் அப்பாவும் போயிருந்தோம். பாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பைனான்ஸ்காரர்கள் உட்காரவே இல்லை. சொல்தா வீட்டம்மா வாசல் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அத்தை கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி.

"வீட்ட வித்துத் தரேன். அதுவும் பத்தாது. மீதிய எப்படியாவது..." என்றாள்.

"என் பென்ஷன் காசும்மா அது" என்றார் சொல்தா வீட்டம்மா. "எனக்கு மட்டும் யார் இருக்கா. எங்க வீட்டு முசியே இருந்திருந்தா குடுக்க விட்டிருக்க மாட்டாரு." அதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் காதால் கேட்க முடியவில்லை.

பைனான்ஸ்காரர்களில் ஒருவன், வீடு முதலில் தங்களுக்குத்தான் என்று குரலை உயர்த்தினான். அப்பா எழுந்தார். பாய்தான் இருவரையும் அடக்கினார். "இப்படி ஆளாளுக்கு இழுத்தா யாருக்கும் கிடைக்காது. திவாலாயிட்டேன்னு கோர்ட்டுல ஐ.பி. போட்டுடும்மா. கோர்ட்டு போடற ரிசீவர் வந்து வித்து, பிரிச்சுக் குடுக்கட்டும். எனக்கும் நஷ்டந்தான், என்னா பண்றது" என்றார். பணம் வர வேண்டியவரே அதைச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் பக்கம் அதற்கு மஞ்ச நோட்டீஸ் என்று பேர். ஒரு குடும்பத்தைக் கேவலமாகப் பேச வேண்டுமென்றால், "மஞ்ச நோட்டீஸ் குடுத்த கும்பல்தான அது" என்பார்கள். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், கோபத்தில்.

வக்கீலிடம் போன அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை தனியாகப் போனாள். வக்கீலின் குமாஸ்தா டைப் அடிக்க உட்கார்ந்துகொண்டு, "யார் யாருக்குத் திருப்பித் தரணும், விடாம சொல்லுங்க. ஒருத்தரை மறைச்சாலும் தப்பு" என்றிருக்கிறார். அத்தை பாயைச் சொன்னாள், சொல்தா வீட்டம்மாவைச் சொன்னாள், பைனான்ஸ்களைச் சொன்னாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு அரியாங்குப்பத்தாளைச் சொன்னாள், வில்லியனூர்க்காரரைச் சொன்னாள், பாகூரில் இருக்கிற மாமாவின் சித்தி மகனைச் சொன்னாள். மகள் கல்யாணத்துக்கு மொய் வைத்து, அவர்கள் வீட்டில் இன்னும் விசேஷம் வராததால் பாக்கி நிற்கிற அத்தனை பேரையும் பேர், தொகை, விலாசத்தோடு சொன்னாள். கடைசியில் தாய்மாமன் சீர் செய்த தம்பியை, அதாவது என் அப்பாவை, சொன்னாள். குமாஸ்தாவுக்கே சந்தேகம் வந்து, "இதெல்லாம் கைமாத்தாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, கைமாத்து மாதிரிதான்" என்றிருக்கிறாள். அவரும் கைமாற்று என்றே அடித்துவிட்டார். வக்கீல் படித்துப் பார்க்காமல் கோர்ட்டில் போட்டார்.

கோர்ட் நோட்டீஸ் எல்லார் வீட்டுக்கும் போயிற்று.

அடுத்த சில நாட்கள் என் போன் ஓயவில்லை. அரியாங்குப்பத்தில் தபால்காரர் தெருவே கேட்கும்படி, "கோர்ட்டுலேர்ந்து வந்திருக்குது, கையெழுத்துப் போடு" என்று கூப்பிட்டாராம். "நான் என்னா வட்டிக்கா விட்டேன்? வாய் நெறைய ஆசீர்வாதம் பண்ணிட்டு ஐநூறு ரூபா வச்சேன். அதுக்கு என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கறாளா உங்க அத்தை?" என்று அந்தச் சின்னம்மா போனில் அழுதது. வில்லியனூர்க்காரர் அழவில்லை. அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. எனக்கு அத்தையின் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கடன் ஆனது ஊருக்குத் தெரியும், சரி. இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ரிஜிஸ்டர் தபாலில் சொல்லியனுப்ப வேண்டுமா?

போய்க் கத்தினேன். அத்தை பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். "வக்கீல் குமாஸ்தா என்னா கேட்டாரு? யாருக்குத் திருப்பிக் குடுக்கணும்னு கேட்டாரு. குடுக்கணுந்தான? கோர்ட்டுல பொய் சொல்லச் சொல்றியா?"

அப்பா கத்தவில்லை. தனக்கு வந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டல் டூட்டிக்குப் போனார். அவர் பீச் பக்கம் ஒரு ஓட்டலில் செக்யூரிட்டி. ராத்திரி வந்து, "சீர் செஞ்சேன். கோர்ட்டுலேர்ந்து பதில் வருது" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அக்கா வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். ரிசீவர் கூட்டுகிற கூட்டத்துக்கு அந்தச் சொந்தக்காரர்கள் வந்து, தங்களுக்கு எதுவும் வர வேண்டியதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் பெயர்களை எடுத்துவிடலாம். நான்தான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சினேன். அதை அத்தையிடம் போய்ச் சொன்னபோது பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வீடு போனா வாடகைக்குப் போய்க்கலாம் பாப்பா. ஜனங்களும் வேணான்னு எழுதிக் குடுத்துட்டா நான் எங்க போவேன்?"

"அவங்க உனக்கு நல்லது பண்றாங்க அத்தை."

அவள் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டது எனக்கு அன்று புரியவில்லை. வீடு பிற்பாடு ஏலத்தில் போனது. பாய்க்கும் சொல்தா வீட்டம்மாவுக்கும் கொடுத்ததில் கொஞ்சந்தான் திரும்பக் கிடைத்தது. அத்தை அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தாள். அவள் பயந்தது இந்தக் கையெழுத்துகளுக்கு.

கூட்டம் கடலூர் ரோட்டில் கோர்ட்டுக்குள்ளேயே ஓர் அறையில். ரிசீவர் ஒரு பெண் வக்கீல். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு களைப்பாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஜனங்கள் வேனில் வந்திருந்தார்கள். ரொம்ப நாள் கழித்து எல்லாரும் ஒன்றாகச் சேர்கிறோம் என்பதாலோ என்னவோ, பாதிப் பேர் நல்ல உடுப்பில் இருந்தார்கள். யாரோ புளிசாதம்கூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பைனான்ஸ்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தவர் யாரும் அந்த வழியாக வந்துவிடக் கூடாதே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரியாங்குப்பத்துச் சின்னம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "கடன்லாம் இல்லீங்கம்மா. ஆசைப்பட்டு வச்சது. எனக்கு ஒண்ணும் வர வேண்டியதில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது. போகும்போது அத்தையின் தோளைத் தடவிக்கொடுத்தது. அடுத்து வில்லியனூர்க்காரர். "அவங்களுக்கும் எங்களுக்கும் இனிமே ஒண்ணும் இல்ல. நல்லா எழுதிக்குங்க" என்றார். ஒருவர் பாசத்தில் சொன்னார், ஒருவர் ஆத்திரத்தில் சொன்னார். இரண்டு பேரும் ஒரே காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒவ்வொரு கையெழுத்துக்கும் எனக்கு மூச்சு விட முடிந்தது. பிறகு தற்செயலாகத் திரும்பி அத்தையைப் பார்த்தேன். ஒவ்வொரு பேருக்கும் அவள் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் குறுகிக்கொண்டிருந்தாள். பாகூர்க்காரர் எழுந்து போனபோது அவர் சட்டைக் கையைப் பிடித்து, "அப்படி எழுதாதீங்க. உங்க பையன் கல்யாணத்துக்கு நான் வரணும்" என்றாள். அவர் சங்கடப்பட்டு, "அதுக்கென்னா, வாயேன்" என்று கையை விடுவித்துக்கொண்டார். அத்தை என் காதருகே வந்து, "எதுவும் குடுக்க வேணாங்கறாங்க. அப்பறம் நான் யாருன்னு உள்ள போறது?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டபத்துக்கு எதிரே பூ வைத்துக்கொண்டு நின்றவளை நினைத்து உடம்பே கூசியது. இவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, இவளுடைய வாசல்களை எல்லாம் நானே போன் போட்டு மூடியிருக்கிறேன்.

கடைசியில் அப்பா. டூட்டியிலிருந்து நேராகச் செக்யூரிட்டி சட்டையோடு வந்து சுவரோரம் நின்றிருந்தார். அக்காவோடு பேசி மாதக்கணக்காகியிருந்தது. என்ன சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"எனக்கு வரணும்" என்றார்.

அத்தையின் வக்கீல் நிமிர்ந்தார். "கூடப் பொறந்த தம்பிதான நீங்க? இல்லேன்னு எழுதிட்டுப் போங்க, வேலை முடியட்டும்."

"ஏன் இல்லேன்னு எழுதணும்? அக்கா பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் வச்சேன். அது எனக்குத் திரும்பி வரணும். எனக்கும் ஒரு பொண்ணு கல்யாணம் ஆவாம நிக்குது." கையை நீட்டி என்னைக் காட்டினார். பைனான்ஸ்காரர்கள் உட்பட அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தரையில் ஒரு பள்ளம் இருந்தால் தேவலை என்றிருந்தது.

ரிசீவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "எவ்வளவு வரணும்?"

"எனக்கு ஞாபகம் இல்லீங்க. அக்காவைக் கேளுங்க."

அத்தை எழுந்து நின்றாள். அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். "அரைப் பவுனு மோதிரம். அரக்குக் கலர்ல பட்டுப் பொடவை. மாலை, பழத்தட்டு. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை" என்றாள். பிறகு தம்பி பக்கம் கையைக் காட்டினாள். "மேளத்துக்குப் பத்தாதத அவன்தான் தனியாக் கூப்புட்டுக் குடுத்தான். மொய்யில எழுதல. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு இருக்கறான். அதையும் சேத்து எழுதுங்கம்மா."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சட்டப்படி இதெல்லாம் கடன்ல வராதும்மா" என்றார் ரிசீவர், கொஞ்சம் தயங்கி.

"வராட்டிப் போவட்டும்" என்றார் அப்பா. "நான் வேணாங்கல. அத மட்டும் எழுதிக்குங்க." கையெழுத்துப் போடாமலே வெளியே போய்விட்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தில். அத்தை அவருக்கு எதிரில் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அத்தை என் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

"இவளுக்கு எப்பத்தான் பாக்கப் போற? எத்தினி நாளைக்கு என்னைக் கடன்காரியா வச்சிருப்ப?"

அப்பா துணியை உதறி மடித்தார். அவள் ஏறி உட்காரத் தோதாக வண்டியைச் சாய்த்துப் பிடித்தார். நான் பஸ்ஸில் வந்தேன்.